பலகைச் சத்தம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எழுதுகிறேன். கல்லூரி ஹாக்கி அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவன். இப்போது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, பீகாரின் ராஜ்கிரில் நம் ஹாக்கி அணி தென்கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பையை எடுத்தது. மறுநாள் காலை டீக்கடையில் "ஆசியக் கோப்பை ஜெயிச்சாச்சு" என்றேன். "அது நாளைக்குத்தானே ஆரம்பிக்குது" என்றார்கள். அவர்கள் சொன்னது கிரிக்கெட். நான் வாங்கும் பத்திரிகையில் தேடினால் உள்ளே ஒரு மூலையில் சின்னப் பெட்டிச் செய்தி. அன்று பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

போன மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு போட்டி நடந்தது. பன்னிரண்டாவது படிக்கிற எங்கள் ஊர்ப் பையன் இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டான். ஒரு நிருபர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த தேசிய விளையாட்டுக்கு இதுதான் மரியாதையா? ஊடகங்கள் கிரிக்கெட்டுக்கு விலைபோய்விட்டன. ஐம்பது பேர் கையெழுத்துடன் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு மனு அனுப்பப் போகிறோம். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மனுவை அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதில் தயக்கம் இல்லை, பெரிய நம்பிக்கையும் இல்லை. ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பத்திரிகைக்காரர்கள் மேல் அல்ல, உங்கள் மேல். அதைச் சொல்வதற்கு முன் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன்.

தேசிய விளையாட்டு என்பதை விடுங்கள். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மத்திய அரசே 2012இல் பதில் சொல்லிவிட்டது. கிரிக்கெட்டைத் திட்டுவதையும் விடுங்கள். அடுத்த வீட்டுப் பானை பொங்குவதால் நம் வீட்டு அடுப்பு அணைவதில்லை. விளம்பரப் பணம், சேனல்கள் எல்லாம் நீங்கள் சொல்கிறபடிதான். சரி, அதைப் பேசிப் பேசி நமக்கு என்ன கிடைத்தது?

இரண்டு வாரம் முன்பு ஒரு வேலையாக வெலிங்டன் பஜாருக்குப் போயிருந்தேன். சிறுவயதில் நான் உட்கார்ந்திருந்த டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றிலிருந்து ஒரு மனிதரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நினைப்பில் இருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

நாங்கள் அவரை மாமா என்போம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்ட் முடிந்தால் சாப்பிட்டுவிட்டு நேராக மைதானத்துக்குப் போய்விடுவார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருப்பதால் அங்கே ராணுவ அணிகளின் ஆட்டங்கள் பார்க்கக் கிடைக்கும். அவரும் இளமையில் ஆடியவர்தான். பந்து பட்டு வளைந்த இடது கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டம் முடிந்து ஆறரை மணிக்கு டீக்கடை பெஞ்சுக்கு வருவார். மைதானத்துக்குப் போக முடியாதவர்கள் எல்லாம் அங்கே காத்திருப்பார்கள். கடை பூட்டிய வியாபாரிகள், தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள், என்னைப் போன்ற பையன்கள். எண்பதுகளின் பிற்பகுதி அது.

ஒரு தட்டு வர்க்கி, நம் மலையின் மொறுமொறு பிஸ்கட், வாங்குவார். உடனே தின்ன மாட்டார். டீயில் விரலை நனைத்து பெஞ்சின் மேல் அரைவட்டம் ஒன்று போடுவார். அதுதான் கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி'. இரண்டு தீக்குச்சி, கோல் கம்பம். கோட்டுக்குப் பின்னால் வரிசையாக வர்க்கி, கோலைக் காப்பவர்கள். பெனால்டி கார்னர், தப்பாட்டத்துக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் அடி. "இவன் தள்ளுறான், இவன் நிறுத்துறான், இவன் அடிக்கிறான்" என்று ஒவ்வொன்றாக நகர்த்துவார். எல்லோருடைய கண்ணும் அடிப்பவன் மேல் இருக்கும்போது, அதைத் தடுக்கக் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து வருகிறவனைத் தொட்டுக் காட்டுவார். "அடிக்கிறவனை ஊரே பாக்கும். இவன் முகத்தைப் பாரு. பந்து எங்க வரும்னு தெரிஞ்சும் ஓடி வரான் பாரு."

ஒரு நவம்பர் சாயங்காலம் அவரோடு மைதானத்துக்குப் போயிருந்தேன். ஆட்டம் பாதியில் இருக்கும்போது மேகம் இறங்கிவிட்டது. நம் மலையில் அது எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கோலிலிருந்து பார்த்தால் அந்தக் கோல் இல்லை. நடுவர் நிறுத்தவும் இல்லை. ஸ்டிக்கில் பந்து படும் சத்தம், ஷூ சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், அவ்வளவுதான். திடீரென்று வேறு ஒரு சத்தம். கோலுக்குள் அடியில் பலகை வைத்திருப்பார்களே, அதில் பந்து மோதும் சத்தம். மரக்கதவை முஷ்டியால் ஒரே ஒரு முறை தட்டியது போல. விசில் ஊதும் முன்பே மாமா "கோல்" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல அவர் கடைக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார். கீப்பர் பேடைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் என்ன நடந்தது என்று கேட்டார். அப்புறம் கோலுக்குள் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். ஈரப் பலகையில் பந்தின் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டிய புதுத் தடம். மூலையிலிருந்து கைவிரித்து அளந்தார். ஒரு சாண். அதன் பிறகுதான் டீக்கடைக்கு வந்தோம். அந்தக் கோலை அவர் சொன்ன விதத்தில், கடையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். மைதானத்தில் நின்ற யாருமே பார்க்காத கோல் அது! எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் தெரியும்: கீப்பருக்கு இடப்பக்கம், மூலையிலிருந்து ஒரு சாண்.

எனக்கு வயது பத்தொன்பது ஆனபோது நானும் ஒரு இறுதி ஆட்டத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். கோயம்புத்தூரிலிருந்து பர்லியாறு வழியாக வேன் ஏறி வரும் பத்திரிகைக்காக மூன்று நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். நான்காம் நாள் வந்தது. நான்கு வரி. அதிலும் தோற்ற அணி வென்றதாகப் போட்டிருந்தார்கள். இன்று நீங்கள் கொதிப்பது போலத்தான் அன்று நானும் கொதித்தேன். பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "நீ எழுதினதைப் படி" என்றார். என்னிடம் இருந்த நகலைப் படித்தேன். முடித்ததும், "அந்த ரெண்டாவது கார்னர்ல பந்தை யாரு நிறுத்தினா?" என்று கேட்டார். நான் எழுதியிருக்கவில்லை. "நாலு வரியில தப்பாப் போட்டது அவங்க தப்பு. ஆறு பக்கத்துல ஆட்டத்தையே காணோம், அது உன் தப்பு."

தம்பி, இதைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்தி சின்னதாக வந்தது என்பது நம் குறைகளில் சின்னக் குறை. பெரிதாக வரும்போதும் அதில் ஆட்டம் இருப்பதில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் 4, பிரிட்டனுடன் காலிறுதி. 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேர் ஆடி, ஷூட் அவுட்டில் வென்றோம். அது எல்லாப் பத்திரிகையிலும் பெரிதாக வந்தது. ஆனால் ரோஹிதாஸ் யார்? பெனால்டி கார்னரில் நம் கோட்டிலிருந்து முதலில் பாய்கிறவர். பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கில் அது எந்த உயரத்திலும் வரலாம். அதை நோக்கி முகத்தையும் முட்டியையும் கொடுத்து ஓடுகிற வேலை. சிவப்பு அட்டையால் வந்த தடை காரணமாக ஜெர்மனியுடன் அரையிறுதியில் அவர் ஆட முடியவில்லை. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் விழுந்தது. 2-3 என்று தோற்றோம். தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இந்தியா போராடித் தோல்வி' என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கம் எழுதிவிட்டு, ஓடி வருகிறவன் இல்லாத அந்தக் கோட்டைப் பற்றி ஒரு வரி இல்லாவிட்டால், அரைப் பக்கமும் நான்கு வரியும் ஒன்றுதான். வெண்கலம் வந்தது, பிரதமர் வாழ்த்தினார், இனிப்பு வழங்கினார்கள். ஆட்டம் எங்கே?

எட்டுத் தங்கம் என்கிறீர்கள். எட்டாவது தங்கம் 1980, மாஸ்கோ. அணித்தலைவர் நம் பாஸ்கரன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோல் போட்டார். அந்தப் பக்கம் ஹுவான் அமாட் ஒருவரே மூன்றையும் போட்டார். ஒரே ஆள் மூன்று கோல் போட்டு நம்மைத் துரத்தியிருக்கிறான் என்றால் கடைசி நிமிடங்கள் எப்படி இருந்திருக்கும்! ஒரு ஹாக்கிக்காரராவது அதை உங்களுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறாரா? நீங்கள் யாருக்காவது சொல்லியிருக்கிறீர்களா? எண்ணிக்கையைத்தான் கடத்திக்கொண்டிருக்கிறோம். எட்டு, எட்டு, எட்டு.

அந்தக் காலத்தில் சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் கிரிக்கெட் நடக்கும்போது வானொலியில் தமிழ் வர்ணனை வரும். அப்துல் ஜப்பாரின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. மட்டையையே தொடாத கிழவிகளுக்கும் களம் கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் கிரிக்கெட்டுக்கு யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை. பந்துக்குப் பந்து ஒருவர் உட்கார்ந்து சொன்னார். நமக்கு அப்படிச் சொல்ல வெலிங்டன் பஜாரில் ஒரு மாமா இருந்தார். அவர் போனதோடு பெஞ்சும் போய்விட்டது. அவரிடம் கேட்டதை எழுதி வைக்காத பாவம் என்னுடையது, அதை நான் மறைக்கவில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் அவமானம் இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது, ஐம்பது கையெழுத்து இருக்கிறது. "மூன்று கோல் போட்டான்." அந்தப் பையனுக்கு நீங்கள் கொடுத்தது மூன்றே வார்த்தை! வராத நிருபரைத் திட்டுகிறீர்கள், சரி. நீங்கள் அங்கே இருந்தீர்களே ஐயா! உங்கள் கண்ணெதிரே நடந்ததே! ஹாக்கிக்காகவே எழுதிய கடிதத்தில், ஹாக்கிப் பைத்தியமான எனக்கே நீங்கள் சொல்லவில்லை என்றால், எதுவும் தெரியாத ஒரு உதவி ஆசிரியர் சொல்லவில்லை என்று என்ன உரிமையில் கோபப்படுகிறீர்கள்?

கடுமையாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் லெஃப்ட் ஹாஃப் ஆடியவர் என்பதால்தான் சொல்கிறேன். அது யாரும் கைதட்டாத இடம். எதிரணியின் ரைட் விங் உங்கள் மேல் இறங்கி வரும்போது பந்து அவனுக்கு வசதியான பக்கம் இருக்கும். உங்களுக்கோ அது ஸ்டிக்கைத் திருப்பிப் போட வேண்டிய பக்கம். நாள் முழுக்க அந்தப் பக்கம் நின்று ஆடியவருக்கு ஆட்டம் பார்க்கத் தெரியாமல் இருக்காது. பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்த மூன்று கோலும் வேண்டும். மைதானம் புல்லா, செம்மண்ணா? மழை பெய்திருந்ததா? முதல் கோலுக்குப் பந்து எங்கிருந்து வந்தது, கொடுத்தது யார்? அவன் அதை வாங்கி நிறுத்தினானா, ஓட்டத்திலேயே தள்ளினானா? இரண்டாவது கோல் கார்னரில் வந்தது என்றால் பந்தை நிறுத்தியவன் பெயரையும் எழுதுங்கள், அவனும் யாரோ வீட்டுப் பிள்ளைதான். மூன்றாவது விழுந்தபோது கீப்பர் எந்தக் காலை நீட்டினான்? பந்து வலையில் பட்டதா, பலகையில் பட்டதா? நினைவில்லை என்றால் அந்தப் பையனிடமே போய்க் கேளுங்கள். அவன் மறந்திருக்க மாட்டான்.

எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கமானாலும் இங்கே போடுகிறேன்.

அன்புடன்.