வீட்டில் தெரிகிற கேமரா ஈரோட்டில் ஏன் தெரியவில்லை?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டை ஒட்டியே தறிக் குடோன் இருக்குதுங்க. எட்டு கேமரா, அதையெல்லாம் பதிவு பண்ற ஒரு டிவிஆர் பெட்டி, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன். வீட்டு வைஃபையில் இருந்தா போன்ல எல்லாம் தெரியுது. செவ்வாய்க்கிழமை ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய் அங்கிருந்து பார்த்தா ஒண்ணும் வர்றதில்லை. வீடியோ பார்த்து ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன், டிவிஆர் ஐபி 192.168.1.5, போர்ட் 8000. நாலு தடவை அழிச்சுப் போட்டாச்சு, போர்ட் மூடியிருக்குன்னே காட்டுது. கரண்ட் போய் வந்தா சில நேரம் வீட்டுக்குள்ளயே தெரிய மாட்டேங்குது. ரூட்டரை ரீசெட் பண்ணிடலாங்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாமுங்க. பின்னால் இருக்கிற அந்தச் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினால் உங்கள் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து இந்த எண்ணுக்கு வருகிறவரை டிவிஆரிடம் அனுப்பு என்று ரூட்டருக்குப் போட்ட விதி) மட்டும் அழியாது, நெட் கம்பெனிக்காரர் வந்து போட்டுவிட்டுப் போன பிபிபிஓஇ (கம்பெனி நெட்டுக்குள் ரூட்டர் நுழைகிற முறை) யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் நம்பர் எல்லாமே சேர்ந்து போய்விடும், அப்புறம் ஆள் வரும்வரை வீட்டில் நெட்டே கிடையாது. சொந்தக்காரர் வீட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே தெரிந்த திமிரில் அந்த வேலையைச் செய்துவிட்டுத் திங்கட்கிழமை மத்தியானம் வரை திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் ரூட்டருக்குள் பேக்கப் எடுக்க வழியிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ பிடித்து வையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் போட்ட போர்ட் ஃபார்வர்டிங்கில் தப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. நாலு தடவை அழித்துப் போட்டும் வரவில்லையென்றால் பார்க்க வேண்டிய இடமே வேறு.

பிரவுசரில் 192.168.1.1 அடித்து (சில பெட்டிகளில் 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள்) உள்ளே போனால் ஸ்டேட்டஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் வேன் ஐபி என்று ஒரு எண். ஓட்டுகிற வேன் இல்லை, வெளியுலகத்தைப் பார்த்த பக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து அதே வைஃபையில் இருந்துகொண்டு கூகுளில் "என் ஐபி என்ன" என்று ஆங்கிலத்தில் தேடி, வருகிற எண்ணை அதன் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த முகவரி உங்களுடையது, போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்ய வேண்டும். வேறு வேறாக இருந்து, ரூட்டர் காட்டுவது 100.64-இல் இருந்து 100.127 வரைக்குள்ளோ, 10 என்றோ ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். உங்கள் கதை இதுதான் என்பது என் ஊகம்.

அதென்ன சிஜிநாட்? ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்கு நெட் கம்பெனி பகிர்ந்து கொடுக்கிற ஏற்பாடு. திருப்பூரில் லைன் வீடு பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒரே கேட், ஒரே கதவு எண், உள்ளே வரிசையாகப் பத்து வீடு. உள்ளே இருப்பவர் வெளியே கடிதம் போட்டால் பிரச்சினை இல்லை, பதில் வரும்போது யார் போட்டதென்று கேட்டில் இருப்பவர் குறித்து வைத்திருப்பார், சரியான வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் வெளியிலிருந்து புதிதாக ஒருவர் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நின்றால் எந்த வீட்டுக்கு அனுப்புவது? திருப்பி அனுப்பிவிடுவார். நீங்கள் ரூட்டரில் போர்ட்டைத் திறந்தது உங்கள் வீட்டு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. தெருக் கேட்டு கம்பெனிக்காரர் கையில் இருக்கிறது.

கம்பெனியை இதற்காகத் திட்டியும் புண்ணியமில்லை. பழைய ஐபி முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். உலக அளவிலான கையிருப்பின் கடைசிக் கட்டுகளை 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அடுத்த வருஷமே, இந்த மாதிரிப் பகிர்ந்துகொள்வதற்கென்றே 100.64 வரிசையைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. வேன் ஐபி 192.168 என்று ஆரம்பித்தால் கம்பெனிப் பெட்டி ஒன்று, அதற்குப் பின்னால் நீங்கள் கடையில் வாங்கி மாட்டிய ரூட்டர் ஒன்று என்று இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் தருகிற நிலைக்கு) மாற்றிவிட்டுப் பழையபடி வேன் ஐபி பாருங்கள், இந்த முறை கம்பெனிப் பெட்டியில்.

சிஜிநாட்தான் என்று உறுதியானால் வழி என்ன? நெட் கம்பெனியைக் கூப்பிட்டு ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கென்றே மாறாத ஒரு பொது முகவரி) கேட்கலாம், தனிக் கட்டணம் வாங்குவார்கள், சில இடங்களில் வணிகப் பிளானுக்கு மட்டுமே தருவார்கள். புது ஐபி முறையான ஐபி 6 வழியாகவும் வரலாம், ஆனால் டிவிஆர், ரூட்டர், சந்தையில் உங்கள் போனின் சிம் என்று மூன்றும் ஒத்துவர வேண்டும், இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் தேவைக்கு டிவிஆரிலேயே இருக்கிற கிளவுட் அல்லது பி2பி போதும். டிவிஆர் மெனுவில் நெட்வொர்க் பக்கத்தில் அதை எனேபிள் செய்தால் ஒரு க்யூஆர் கோடு வரும், டிவிஆர் கம்பெனியின் ஆப்பில் அதை ஸ்கேன் செய்துவிட்டால் முடிந்தது. டிவிஆர் தானே வெளியே போய் அந்த டிவிஆர் கம்பெனியின் சர்வரில் பதிவு செய்துகொள்வதால் கேட்டில் யாரும் தடுப்பதில்லை, போர்ட் எதுவும் திறக்க வேண்டியதும் இல்லை. இணைப்புக்கு இன்னொருவர் சர்வரை நம்பியிருக்கிறோம் என்பது இதில் ஒரு குறை, அது உறுத்தினால் குடோனில் சும்மா கிடக்கிற பழைய கம்ப்யூட்டரில் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் (உங்கள் கருவிகளுக்குள் மட்டும் ஓடுகிற தனிப் பாதை) போட்டுக்கொள்ளலாம், அது சிஜிநாட்டுக்குப் பின்னாலும் ஓடும்.

பி2பி, விபிஎன் இரண்டில் எந்த வழியில் போனாலும் போட்டு வைத்த அந்த 8000 விதியை அழித்துவிடுங்கள். வீடியோவில் "வரலைன்னா டிஎம்இசட் போடுங்க" என்று சொல்லியிருப்பார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள், எல்லாப் போர்ட்டையும் திறந்து டிவிஆரைத் தூக்கி நடுத்தெருவில் வைப்பதற்குச் சமம். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்ததே, தயாரித்த கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். டிவிஆருக்கும் ரூட்டருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு வையுங்கள், இரண்டிலும் ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். ரூட்டரில் ரிமோட் மேனேஜ்மெண்ட் (வெளியிலிருந்து ரூட்டருக்குள் நுழைவது), யுபிஎன்பி (கருவிகள் தாங்களே போர்ட் திறப்பது), டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் வைஃபையில் சேர்வது) மூன்றும் ஆஃபில் இருக்கட்டும்.

இனி கரண்ட் போய் வந்தால் வீட்டுக்குள்ளேயே தெரியாமல் போகிற சங்கதி. இது தனிக் கோளாறு. ரூட்டர் அணைந்து எழும்போது முதலில் வந்து கேட்கிறவருக்கு முதலில் முகவரி கொடுக்கிறது. கரண்ட் வந்ததும் போன்கள் உடனே ஒட்டிக்கொள்ளும், டிவிஆர் ஹார்ட் டிஸ்க்கைச் சரிபார்த்து எழுந்து வர ஒன்றிரண்டு நிமிடமாகும், அதற்குள் 192.168.1.5 யாராவது ஒருவர் போனுக்குப் போயிருக்கும். உங்கள் ஆப் அந்தப் போனிடம் போய்க் கேமராவைக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறது!

இதற்கு ரூட்டரில் டிஎச்சிபி (இப்படித் தானாக முகவரி கொடுக்கிற வேலை) பக்கத்துக்குப் போங்கள். அட்ரஸ் ரிசர்வேஷன், ஸ்டேட்டிக் டிஎச்சிபி, ஐபி மேக் பைண்டிங் என்று பெட்டிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், எல்லாம் ஒரே வேலைதான். இணைந்திருக்கும் கருவிகள் பட்டியலில் டிவிஆரின் மேக் முகவரி (தயாரிக்கும்போதே கருவிக்கு வைத்த அடையாள எண்), இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி, இருக்கும். எது டிவிஆர் என்று தெரியாவிட்டால் அதன் கேபிளைப் பிடுங்கி விட்டுப் பட்டியலில் எது காணாமல் போகிறதென்று பாருங்கள். அந்த மேக்குக்கு 192.168.1.50 என்று எழுதி சேவ் செய்து, டிவிஆரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். டிவிஆர் பக்கம் டிஎச்சிபி ஆனிலேயே இருக்கட்டும், அங்கேயும் கையால் ஒரு எண்ணை எழுதி வைத்தால் பின்னால் ரூட்டர் மாற்றும்போது நீங்களே மறந்து தேடுவீர்கள். ஆப்பிலும் புது எண்ணை மாற்ற மறக்காதீர்கள்.

வெளியிலிருந்து பார்க்கும்போது படம் திணறினால் 100 எம்பிபிஎஸ் என்பதை நம்பாமல் அப்லோட் எவ்வளவு என்று பாருங்கள், கேமராப் படம் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறது. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் எட்டையும் சேர்த்துத் திறந்தால் 16. ஆப்பில் சப் ஸ்ட்ரீம் (தரம் குறைத்த சின்னப் படம்) வைத்துக்கொண்டு, வேண்டிய கேமராவை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. குடோனுக்கு வைஃபை வரவில்லை என்று பின்னாளில் கேபிள் இழுப்பீர்கள், தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் நிற்காது. வீட்டுக்கும் தறிக்கும் ஈபி சர்வீஸ் தனித்தனி என்றால் நடுவில் செம்புக் கேபிள் போடாமல் ஃபைபர் போட்டு இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் சாதாரணக் கேபிளோடு இணைக்கிற பெட்டி) வையுங்கள். பக்கத்தில் இடி விழுந்தால் செம்புக் கேபிள் வழியாக இரண்டு பக்கப் பெட்டிகளும் சேர்ந்து போகும்.

எல்லாம் முடித்ததும் வீட்டிலேயே சோதித்துவிடலாம், அதற்காக ஈரோடு போக வேண்டாம். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்து பாருங்கள். அப்புறம் மெயினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டுப் போட்டு, இன்னொரு முறை பாருங்கள்.