கோந்த் கிராமத்துக்குக் குடிபோகலாமா?

தம்பி, பாரிஸ் புறநகரான லா கூர்னேவை விட்டு, லுவார் ஆற்றங்கரைக் கிராமமான கோந்த்-சென்-மார்த்தனுக்குக் குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை, மேலே இருக்க வீடு, மனைவி, நாலு வயதுப் பிள்ளை. நான் கனகாலமாக அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன். போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கையெழுத்து வைக்கமுதல் தை மாதத்தில் ஒருக்கால் வந்து பாருங்கள்.

கோடையில் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். வியன் ஆறு லுவாரோடு சேருகிற இடம் அது. தேவாலயத்துக்குப் பக்கத்து ஒழுங்கையால் மேட்டில் ஏறினால் இரண்டு ஆறும் கலப்பது முழுதாகத் தெரியும். 397 இல் தூர் நகர ஆயர் மார்த்தன் இங்கேதான் இறந்தார். அவருடைய உடல் தங்களுக்கே என்று புவாத்தியே ஆட்களும் தூர் ஆட்களும் பிடுங்குப்பட்டார்கள். இரவு மற்றவர்கள் நித்திரையானதும் தூர் ஆட்கள் உடலை ஜன்னலால் இறக்கி, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள் என்று ஆயர் கிரெகோரி ஆறாம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது நிற்கிற பெரிய தேவாலயம் மார்த்தன் நினைவாகக் கட்டியது. அதைப் பார்க்கத்தான் சனம் வருகிறது, உங்கள் வேலையும் அந்தச் சனத்தை நம்பித்தான் இருக்கிறது.

ஊரில் நிரந்தரமாக இருப்பது ஏறத்தாழ 200 பேர். குளிர்காலத்தில் விடுமுறை வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும், ரெஸ்ரோரண்டுகளும் குறைந்த நாட்கள்தான் திறக்கும். அதனால் ஒப்பந்தம் நிரந்தரமானதா, சீசனுக்கு மட்டுமா என்பதை முதலில் பாருங்கள். வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டுமா என்றும் கேளுங்கள். பிள்ளையோடு போகிறவருக்குச் சம்பளத்தைவிட இது முக்கியம்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே கட்டடம் எல்லாம் துஃபோ என்கிற வெள்ளைச் சுண்ணாம்புக் கல். விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டும். அது தண்ணீரை உறிஞ்சும், பிறகு காற்றுக்குக் காயும். யாராவது மேலே சீமெந்து பூசியிருந்தால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கல் பொருக்குப் பொருக்காகக் கழரும். சுவரின் அடிப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். நாங்கள் தினம் சோறு கறி சமைக்கிற ஆட்கள், ஆவி போக வழியில்லாவிட்டால் இரண்டு மாதத்தில் மூலையெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைக்கு இருமல் வரும். வெள்ள ஆபத்தைக் காட்டுகிற பத்திரத்தை வீட்டுக்காரர் தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். 1856 இல் லுவார் பெருகிய கதை இந்தக் கரையில் இன்னும் மறக்கப்படவில்லை.

கார் இல்லாமல் அங்கே இருக்க முடியாது. சோமியூர், சினோன் பட்டணங்கள் பக்கத்தில்தான், ஆனால் நினைத்த நேரம் பஸ் வராது. புதிதாக நோயாளிகளை எடுக்கிற வைத்தியர் யார் என்று குடிபோகமுதலே விசாரியுங்கள், கிராமப்புறத்தில் அது பெரிய பாடு. பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மேரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், கேட்டால் சொல்வார்கள். அரிசி, தூள் எல்லாம் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் மொத்தமாக வாங்கி வையுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை உங்கள் மனைவியைப் பற்றித்தான். உங்களுக்கு வேலையிடத்தில் கதைக்க ஆட்கள் கிடைப்பார்கள். லா கூர்னேவில் தமிழில் நாளை ஓட்டிய அவவுக்கு அங்கே பொன்ஜூருக்குப் பிறகு என்ன கதைப்பது என்று தெரியாவிட்டால் குளிர்காலம் நெஞ்சை அடைக்கும். ஓஃபி என்கிற குடிவரவு அலுவலகத்தின் பிரெஞ்சு வகுப்பு மிச்சம் இருந்தால் பாரிசிலேயே முடிக்கட்டும். அங்கே போனதும் ஊர்ச் சங்கம் ஒன்றில் சேரச் சொல்லுங்கள். விருந்து வைப்பது, விழாவுக்கு மேசை அடுக்குவது போன்ற வேலைக்கு ஒருமுறை கைகொடுத்தால் பிறகு அவர்களே கதவைத் தட்டுவார்கள், நல்ல சனம். அவவையும் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கள், அவ வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, கோடையில் லுவார் வற்றி மணல்திட்டுகள் தெரியும், முழங்கால் தண்ணீர்போல இருக்கும். மணல் திடீரென்று சரியும், அடியில் இழுவை இருக்கும். பிள்ளையைக் காலும் நனைக்க விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், அதையும் சேர்ந்து பார்ப்போம்.