மின்சாரத்துக்கு மாற்றிய கார்களில் ஆக்சிலரேட்டர் சென்சார் கோளாறு: கேள்வி பதில்

எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டார் ஏற்றிய கார்களின் ஆக்சிலரேட்டர் சென்சார் பற்றி மட்டும் கேளுங்கள். கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) எது, சென்சார் பாட் வகையா (தடத்தின் மேல் தொடுமுனை நகரும் மாறும் ரெசிஸ்டர்), ஹால் வகையா (காந்தத்தை உணர்வது), பெடலை விட்டால் சிக்னல் ஒயரில் எத்தனை வோல்ட், முழுக்க மிதித்தால் எத்தனை என்ற விவரங்களும் வேண்டும். எந்தச் சோதனைக்கும் முன்னால் இழுக்கிற சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மாருதி 800 என்றால் முன் சக்கரம், ஆம்னி என்றால் பின் சக்கரம். வெறும் ஜாக்கியை நம்ப வேண்டாம்.

கேள்வி: அண்ணா, மாருதி 800, கர்ட்டிஸ் 1231சி கன்ட்ரோலர், 5 கிலோ ஓம் பாட்பாக்ஸ். இருபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வெட்டி வெட்டிப் போகுது. நல்லா மிதிச்சா ஒழுங்கா ஓடுது. கன்ட்ரோலர் போயிடுச்சா?

பதில்: கன்ட்ரோலரில் கை வைக்காதீர்கள் தம்பி. பாட்பாக்ஸ் என்ற லீவர் வைத்த பெட்டிக்குள் இருக்கும் பாட் தேய்ந்த அறிகுறி இது. ஊருக்குள் ஓட்டும்போது பெடல் எப்போதும் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே இருக்கும். கார்பன் தடம் அந்த இடத்தில்தான் முதலில் தேயும். அங்கே தொடுமுனை ஒரு கணம் தடத்தை விட்டு எழும்பினால் சர்க்யூட் திறந்துவிடும். ஒயர் அறுந்துவிட்டது என்று கன்ட்ரோலர் வெளியீட்டை நிறுத்தும். தொடுமுனை மறுபடி ஒட்டியதும் திரும்ப இழுக்கும். வெட்டுவது இதனால்தான்.

சாவியை எடுத்து, பேட்டரி பேக்கின் மெயின் இணைப்பையும் பிரித்த பிறகு, பாட்டின் இரண்டு ஒயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். மல்டிமீட்டரை 20 கே ரேஞ்சில் வைத்து, பத்து விநாடி எடுத்துப் பெடலை மெதுவாக இறக்குங்கள். பூஜ்யத்தில் தொடங்கி 5 கிலோ ஓம் வரை சீராக ஏற வேண்டும். நடுவில் எண் தாவினாலோ மீட்டர் திறந்த சர்க்யூட் காட்டினாலோ பாட்டை மாற்றுங்கள். முள் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. டிஜிட்டல் மீட்டர் தவறவிடுகிற சின்ன உதறலை முள் காட்டிக்கொடுக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில நாள் சரியாக ஓடும், தேய்ந்த தடம் திரும்ப வளராது.

இன்னொன்றையும் பாருங்கள். சிலர் மெயின் கான்டாக்டரை (பேக்கை கன்ட்ரோலரோடு இணைக்கும் பெரிய ரிலே) பாட்பாக்ஸில் இருக்கும் மைக்ரோசுவிட்ச் வழியாக இயக்கியிருப்பார்கள். வண்டி வெட்டும்போது கான்டாக்டர் டக் டக்கென்று விழுந்து எழும் சத்தம் கேட்டால், கோளாறு அந்தச் சுவிட்சில். பாட் மேல் குற்றம் இல்லை.

1231சி-யில் ஆக்சிலரேட்டர் ஒயர்கள் பேக்கின் நெகட்டிவோடு தொடர்புள்ளவை, 12 வோல்ட் பக்கத்தோடு அல்ல. அவற்றைப் பாடியில் எர்த் செய்யாதீர்கள், பேக் இணைப்பு இருக்கும்போது வெறுங்கையால் தொடாதீர்கள்.

கேள்வி: சார், ஆம்னியில் இ-ரிக்‌ஷா பெடல் போட்டிருக்கேன், ஒரே ஹால் சென்சார். நேத்து பெடல்லேந்து காலை எடுத்த பிறகும் வண்டி பாதி வேகத்துல இழுத்துக்கிட்டே போச்சு. கன்ட்ரோலர் எந்த எரரும் காட்டல.

பதில்: வண்டியை இனி தெருவில் எடுக்காதீர்கள். பெடலைத் திறந்து காந்தத்தைப் பாருங்கள். பசை விட்டுக் கழன்று கிடக்கும்.

இந்தப் பெடல்களில் இருப்பது 49இ வகை லீனியர் ஹால் சென்சார். காந்தம் கிட்ட வர வர வோல்டேஜ் மாறும். காந்தமே இல்லாவிட்டால் பூஜ்யத்துக்கு இறங்காது, கொடுத்த 5 வோல்டில் பாதியான 2.5-ல் போய் நிற்கும். உங்கள் பெடல் 0.8 முதல் 4.2 வரை ஆடுவது என்றால், 2.5 என்பது சரியாகப் பாதி மிதி. ஒயர் அறுபடவில்லை, ஷார்ட் இல்லை, வோல்டேஜ் எல்லைக்குள் இருக்கிறது. கன்ட்ரோலர் எதை வைத்து எரர் காட்டும்?

காந்தத்தைத் திரும்ப ஒட்டிச் சமாளிக்காதீர்கள். இரட்டைச் சென்சார் கொண்ட கார் பெடல் போடுங்கள். அவற்றில் பலவற்றில் இரண்டாவது சிக்னல் எப்போதும் முதலாவதில் பாதி இருக்கும்: காலை எடுத்தால் 0.75-க்கு 0.37, முழுக்க மிதித்தால் 4-க்கு 2 என்ற மாதிரி. காந்தம் விழுந்தால் இந்த விகிதம் உடையும், கன்ட்ரோலர் உடனே நிறுத்திவிடும். இதற்கு கன்ட்ரோலரில் இரண்டு ஆக்சிலரேட்டர் இன்புட் வேண்டும். இல்லாத கன்ட்ரோலரில் இரட்டைப் பெடலைப் போட்டு ஒரே ஒயரை மட்டும் இணைத்தால் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள்.

கேள்வி: பாட் நல்லதா, ஹால் நல்லதா?

பதில்: இரட்டை ஹால். அதற்கு கன்ட்ரோலர் இடம் தராவிட்டால் நல்ல பாட். ஒற்றை ஹால் கடைசி.

கேள்வி: எந்த பெடல் வாங்கலாம் சார்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: மூணு ஒயர் பாட், 0-5 வோல்ட் கன்ட்ரோலர். நெகட்டிவ் ஒயர் அறுந்தா ஃபுல் ஆக்சிலரேட்டர் ஆகும்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: நிஜம். நெகட்டிவ் போனால் தொடுமுனைக்கு 5 வோல்ட் பக்கம் மட்டும்தான் மிச்சம். சிக்னல் நேராக 5-க்கு ஏறும். பாட் இயல்பாகவே 0 முதல் 5 வரை ஆடினால், அது ஒயர் அறுந்த 5-ஆ மிதித்த 5-ஆ என்று கன்ட்ரோலரால் பிரிக்க முடியாது.

5 கே பாட்டின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு 470 ஓம் ரெசிஸ்டர் தொடராகச் சேருங்கள். இப்போது சிக்னல் 0.4 முதல் 4.6 வோல்ட் வரை மட்டும் ஆடும். கன்ட்ரோலர் முனையில், சிக்னலுக்கும் சென்சார் நெகட்டிவுக்கும் நடுவே 220 கே ரெசிஸ்டர் ஒன்று. பிறகு எரர் எல்லைகளைக் கீழே 0.2, மேலே 4.75 என்று வையுங்கள். சிக்னல் ஒயரோ 5 வோல்ட் ஒயரோ அறுந்தால் 220 கே அதைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். பெடலை விட்ட நிலையில் நெகட்டிவ் அறுந்தால் 4.88 வரும், மிதித்திருந்தால் அதற்கும் மேல். மூன்றில் எது அறுந்தாலும் மோட்டார் நிற்கும். வேலை முடிந்ததும் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பாருங்கள். கழற்றிப் பார்க்காத வரை வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம்.

கேள்வி: நிக்கும்போது 0.9 வோல்ட் சுத்தமா இருக்கு. லோடு ஏறினா சிக்னல் ஆடுது.

பதில்: மோட்டார் கேபிளின் இரைச்சல். சிக்னல், 5 வோல்ட், நெகட்டிவ் மூன்றையும் முறுக்கிய ஷீல்டு கேபிளில் கொண்டுபோங்கள். ஷீல்டை கன்ட்ரோலர் முனையில் மட்டும் இணையுங்கள். மோட்டார் கேபிளிலிருந்து ஒரு சாண் தூரமாவது வேண்டும். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். சென்சார் நெகட்டிவ் கன்ட்ரோலரின் சென்சார் பின்னுக்கே திரும்ப வேண்டும். பாடியில் பக்கத்து போல்ட்டில் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

கேள்வி: இதுக்கு ஏன் இவ்வளவு வேலை? சிக்னல் ஒயர்ல 10 கே, அதுக்கப்புறம் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு போட்டா எல்லா ஆட்டமும் அடங்கிடும். நான் மூணு வண்டிக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன்.

பதில்: அந்த மூன்று வண்டியிலும் கழற்றிவிடுங்கள். 10 கே, 100 மைக்ரோ என்றால் டைம் கான்ஸ்டன்ட் 1 விநாடி, அதாவது வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அடங்க ஆகும் நேரம். 4.2-லிருந்து காலை எடுத்தால், சிக்னல் 0.8-ஐ நோக்கி இறங்கி, இழுப்பு நிற்கும் 1.0-ஐத் தொட 2.8 விநாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 30 மீட்டருக்கு மேல். விசை குறைந்துகொண்டே வந்தாலும் அத்தனை தூரமும் மோட்டார் இழுக்கும்.

அவரே: 10 கே-வுக்கு பதிலா 1 கே போட்டா 0.28 விநாடிதானே? மூணு மீட்டர். பெரிய விஷயமா?

பதில்: கணக்கு சரி, ஆனால் ஒயர் நல்லபடி இருக்கும்போது மட்டும். பெடல் பக்கம் சிக்னல் ஒயர் அறுந்துவிட்டது என்று வையுங்கள். கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வெளியேற இருக்கிற ஒரே வழி 220 கே. 220 கே, 100 மைக்ரோ என்றால் டைம் கான்ஸ்டன்ட் 22 விநாடி. 4.2-லிருந்து 1.0-க்கு இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அது வரைக்கும் எல்லைக்குள் இருக்கும் அழகான சிக்னல் கன்ட்ரோலருக்குப் போய்க்கொண்டிருக்கும், எரரும் வராது. அந்த 220 கே-வும் இல்லாத வண்டி என்றால் இன்னும் நேரமாகும். ஒயர் அறுந்ததை மறைக்கிற எந்த வேலையையும் இந்த ஒயரில் செய்யக் கூடாது.

இன்னொருவர்: அப்போ கெபாசிட்டரே கூடாதா அண்ணே?

பதில்: கூடும். கன்ட்ரோலர் முனையில் 1 கே, 100 நானோஃபாரட். 1.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான இரைச்சல் அடங்கும், 1231சி-யின் 15 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சிங் இரைச்சலும் அதில் சேர்ந்தது. ஒயர் அறுந்தாலும் 220 கே வழியாக 32 மில்லி விநாடியில் இறங்கிவிடும்.

மூன்று வண்டிக்குப் போட்டவர்: கஸ்டமருக்கு ஸ்மூத்தா எடுக்கணுமே.

பதில்: அதற்கு கன்ட்ரோலருக்குள்ளேயே ஆக்சிலரேட்டர் ரேம்ப் (இழுப்பு எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்ற அமைப்பு) இருக்கிறது. ஏறும்போது மெதுவாக ஏற்றுங்கள். இறங்குவதை மெதுவாக்காதீர்கள்.

கேள்வி: வெட்டி வெட்டிப் போகுது சார், 5 கே பாட்.

பதில்: முதல் பதில்.

கேள்வி: மாத்தின வண்டிக்கு ஆர்டிஓ அனுமதி?

பதில்: ஏஐஎஸ் 123 என்ற வாகனத் தரநிலையின் பகுதி 3-ன்படி ஒப்புதல் பெற்ற கிட்டா என்று கிட் விற்றவரிடம் கேளுங்கள். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

கேள்வி: எல்எஃப்பி செல் எந்த பிராண்டு?

பதில்: இந்தப் பகுதி பேட்டரிக்கானது இல்லை.

கேள்வி: பழைய ஆக்சிலரேட்டர் கேபிளை அப்படியே பாட்பாக்ஸ்ல மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், உறைக்குள் துரு இல்லாவிட்டால். கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்து விடுங்கள், எங்காவது பிடித்தால் புதிது போடுங்கள். பாட்பாக்ஸின் உள் ஸ்பிரிங்கை மட்டும் நம்பாமல், வேறு ஆணியில் மாட்டிய இரண்டாவது ஸ்பிரிங் ஒன்று லீவரில் வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது லீவரைத் திருப்பிக் கொண்டுவரும். பெடலுக்குக் கீழே தரையில் ஒரு தடுப்பு வையுங்கள். இல்லாவிட்டால் அழுத்தி மிதிக்கிற விசை முழுவதும் பாட்டின் தண்டில் இறங்கும்.

கேள்வி: பிரேக் மிதிச்சா ஆக்சிலரேட்டர் கட் ஆகற மாதிரி பண்ணலாமா?

பதில்: பண்ணியே ஆக வேண்டும். கன்ட்ரோலரில் பிரேக் இன்புட் இருந்தால் பிரேக் லைட் சுவிட்சின் 12 வோல்டை அதில் கொடுங்கள். அந்த இன்புட் எத்தனை வோல்ட் தாங்கும் என்று மேனுவலில் பார்த்த பிறகு. 1231சி போலப் பேக் நெகட்டிவோடு தொடர்புள்ள கன்ட்ரோலரில் நேரடியாகக் கொடுக்கவே கூடாது. அங்கே 12 வோல்ட் ரிலே ஒன்றை வைத்து, அதன் வழக்கமாக மூடியிருக்கும் முனைகள் வழியாக ஆக்சிலரேட்டர் ஒயரைக் கொண்டுபோங்கள். பிரேக் மிதித்தால் முனை திறக்கும், ஒயர் அறுந்ததாக எண்ணி கன்ட்ரோலர் நிறுத்தும். இதைச் சோதிக்கும்போதும் சக்கரம் ஸ்டாண்டில்.