விஞ்ஞானியாக இருந்து மத்திய அமைச்சரானவர் யாராவது உண்டா? பதவியில் என்ன சாதித்தார்?

உண்டு. வி.பி. சிங் அமைச்சரவையில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் ராஜா ராமண்ணா. 1974 பொக்ரான் அணுகுண்டு சோதனையால் பலருக்கும் தெரிந்த பெயர். இன்னொருவர் எம்.ஜி.கே. மேனன், அறிவியல் தொழில்நுட்பமும் கல்வியும் பார்த்த இணை அமைச்சர். எனக்கு மேனன்தான் நெருக்கம். என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர்.

வட ஆற்காட்டிலிருந்து அங்கே பிழைக்கப் போன குடும்பம் எங்களுடையது. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் அந்தச் சுரங்கத்தில் ஆய்வு நடத்தினார்கள். "பம்பாய்க்காரங்க நம்மகூடவே கூண்டுல எறங்குவாங்க. நாங்க பாறையை ஒடைப்போம், அவங்க பொட்டியை வெச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருப்பாங்க" என்பார் தாத்தா. அவர்கள் வேலையே அப்படிக் காத்திருப்பதுதான். வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்த் துகள்களை மேலே உள்ள பாறை ஏறக்குறைய முழுக்க வடிகட்டிவிடும். மிக ஆழத்தில் வாரக்கணக்கில் கருவியை வைத்திருந்தும் அந்தத் துகள்களில் பாறையை நன்றாகத் துளைக்கும் மியூவான்கூட ஒன்று சிக்கவில்லை. அவ்வளவு அமைதியான இடத்தில் ஏதாவது பதிவானால் அது எந்தப் பாறையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். 1965இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அப்படித்தான் பிடித்தார்கள். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் முதலில் கண்டவர்களில் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானியர்களும் பிரிட்டிஷாரும் சேர்ந்த அந்தக் குழு உண்டு. மேனன் அதில் ஒருவர்.

மறுவருடம் டாடா நிறுவன இயக்குநராக இருந்த ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகாத மேனன் அந்த இடத்துக்கு வந்தார். அப்புறம் ஒரே நாற்காலிகள்தான். 1971இல் மின்னணு ஆணையம், இஸ்ரோ தலைவர் விக்ரம் சாராபாய் திடீரென்று இறந்ததும் 1972இல் சில மாதம் இஸ்ரோ, பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி, திட்டக் குழு, ராஜீவ் காந்திக்கு அறிவியல் ஆலோசகர். ஆராய்ச்சியாளர் மேனனை அந்தக் கோப்புகள் விழுங்கிவிட்டன என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சரி, அமைச்சராக என்ன சாதித்தார்? பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. 1989 டிசம்பரில் வந்த ஆட்சி 1990 நவம்பரில் கவிழ்ந்துவிட்டது. அவர் பெயரைச் சொல்லும் காரியம் அதற்கு முன்பே நடந்தது. கேரளத்தின் சைலன்ட் வேலியில் குந்திப்புழாவின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டலாமா என்று ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்த அறிக்கைக்குப் பிறகு 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த வருடம் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

இரண்டு வருடம் முன்பு அந்தப் பூங்காவின் வாசலான முக்காலியிலிருந்து ஜீப்பில் உள்ளே சைரந்திரி வரை போயிருந்தேன். காவல் கோபுரத்தின் மேலே நின்று, கூட வந்த வழிகாட்டி இரண்டு மலைகளுக்கு நடுவே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "அணை இங்கதான் வந்திருக்கும் சார்." அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை மரம்தான்.