ஏற்காடு எரிமலையா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல எரிமலை பத்தித்தான். ஹவாய்ல லாவா (எரிமலைக் குழம்பு) பீறிட்டு அடிக்கற வீடியோ எல்லார் போன்லயும் வந்துருச்சு போல. அதனால மத்த கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு, கோவிச்சுக்காதீங்க.

*கேள்வி: என் பையன் அமெரிக்காவுல இருக்கான். லீவுக்கு குடும்பத்தோட ஹவாய் போயி எரிமலை பாக்கப் போறானாம். பேத்திக்கு ஆறு வயசு, வீசிங் வேற இருக்கு. லாவா துரத்திட்டு வந்தா குழந்தைய தூக்கிட்டு எப்படிங்க ஓடுவாங்க? எனக்கு தூக்கமே வரல. (அம்மாபேட்டை வாசகி)*

பதில்: அம்மா, லாவா துரத்தாதுங்க. அங்க கிலாவெயா எரிமலைல வர்றது பசால்ட்னு ஒரு கருப்பு பாறை உருகின இளக்கமான லாவா, கிளம்பற வாய்கிட்ட வாய்க்கால் தண்ணி மாதிரி வேகமா ஓடும், ஆனா பரவி வர வர ஆறிக்கிட்டே வர்றதால அதோட முனை பெரும்பாலும் நாம நடக்கற வேகத்துக்கும் கம்மியாத்தான் நகரும். 2016 கடைசில எங்க அக்கா மகன் என்னை கூட்டிட்டு போனான், கலபானா பக்கம் ரோடு முடியற இடத்துல சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஜல்லி ரோட்டுல போயி அப்புறம் இறங்கி கரும்பாறை மேல நடந்து போனோம், அந்த பாறை உடைஞ்ச கண்ணாடி மாதிரிங்க, கை ஊனுனா கிழிச்சிரும். கிட்ட போயி பாத்தா முதல்ல நெருப்பே தெரியல. சாம்பல் கலர்ல வெள்ளி மாதிரி மின்னுற ஒரு தோலு, அது மெல்ல உப்பி ஓரத்துல பிளந்து, உள்ள இருந்து ஆரஞ்சு கலர்ல ஒரு விரல் அளவு வழிஞ்சு வருது, வந்த உடனே அதுக்கு மேலயும் தோலு கட்டுது. காய்ச்சின பால்ல ஆடை கட்டுன பின்னாடி டம்ளர சாய்ச்சா ஆடை மடிப்பு மடிப்பா ஒதுங்குமே, அச்சு அசல் அதே மடிப்பு. ஆறும்போது கண்ணாடி வளையல் நொறுங்கற மாதிரி சத்தம் வேற. இந்த வழவழப்பான ரகத்துக்கு அந்த ஊர் பாஷைல பாஹோயேஹோயே, கரடுமுரடா கட்டி கட்டியா உருண்டு வர்றதுக்கு ஆ ஆ. ஹவாய்க்காரங்க வச்ச பேரத்தான் இப்ப உலகம் பூரா விஞ்ஞானிங்களும் சொல்றாங்க.

சூடு எவ்வளவுன்னா, செவ்வாய்பேட்டை கொலுசு பட்டறைல வெள்ளி உருக்கறத பாத்திருப்பீங்க, வெள்ளி உருக 961 டிகிரி போதும், இது கிட்டத்தட்ட 1150 டிகிரி. நாலஞ்சு எட்டு தள்ளி நின்னும் மூஞ்சிய திருப்பிக்கத்தான் வேண்டியிருந்துச்சு.

ஆனா உங்க பேத்திய நினைச்சா நான் பயப்படறது லாவாவுக்கு இல்லைங்கம்மா, புகைக்கு. எரிமலைல இருந்து சல்ஃபர் டை ஆக்சைடு வரும், அது காத்துல கலந்து மூடுபனி மாதிரி தீவு பூரா பரவும், வீசிங் இருக்கற குழந்தைக்கு அதுதான் ஆபத்து. கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர கேட்டுக்கிட்டு இன்ஹேலர கையோட வச்சுக்க சொல்லுங்க, காத்து நம்ம பக்கம் அடிக்குதுன்னா அன்னிக்கு போகவே வேண்டாம். அப்புறம் கிலாவெயா 2024 டிசம்பர் 23ல இருந்து விட்டு விட்டுத்தான் பீறிடுது, இடையில நாள் கணக்கா சும்மா இருக்கும், அதனால போன அன்னிக்கே தெரியும்னு சொல்ல முடியாது. பீறிட்டாலும் அது பள்ளத்துக்குள்ள, ஜனங்க மேல விளிம்புல தேசிய பூங்காக்காரங்க விட்ட இடத்துல நின்னுதான் பாப்பாங்க. கயிறு கட்டுன இடத்த தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

துரத்தாதுன்னு சொன்னேனே, ஆனா நிக்கவும் நிக்காது, அதையும் சொல்லணும். 2018 மே 3ஆம் தேதி லெயிலானி எஸ்டேட்ஸ்னு ஒரு குடியிருப்புல, தெருவுலயே தரை விரிசல் விட்டு லாவா வந்துச்சு, அப்படி மொத்தம் 24 விரிசல். ஆகஸ்ட் வரைக்கும் ஓடுச்சு, 700 வீட்டுக்கு மேல போச்சு. கபோஹோவுல ஒரு பழைய ஏரிக்குள்ள லாவா இறங்கி சில மணி நேரத்துல ஏரியே ஆவியாயிருச்சு. லாவாவுல ஒரு உயிர் கூட போகல, ஏன்னா மெதுவா வந்ததால எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஆனா யோசிச்சு பாருங்க, நம்ம வீட்டுக்கு வர்றது கண்ணுக்கு தெரியுது, இன்னிக்கு பக்கத்து தெரு, நாளைக்கு எதிர் வீடு, ஒண்ணும் பண்ண முடியாம சாமி படத்தையும் பத்திரத்தையும் எடுத்துட்டு கிளம்பணும். அந்த இடத்துல இப்ப பல அடி உசரத்துக்கு பாறைங்க, தோண்டி எடுக்கவும் முடியாது. எனக்கு வேகமா வர்ற வெள்ளத்த விட இதுதான் மனச போட்டு பிசையுது.

*கேள்வி: என் தம்பி ஹவாய்ல இருந்து ஒரு கருப்பு கல்லு எடுத்துட்டு வந்தான். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. எரிமலை சாமி சாபம்ங்கறாங்க, நிஜமா? (கிச்சிபாளையம் வாசகி)*

பதில்: முதல்ல அப்பாவ டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, கல்லு அப்புறம். அந்த சாமி பேரு பெலே. அங்கத்து ஜனங்களுக்கு எரிமலை வேற பெலே வேற இல்ல. 1881ல மவுனா லோவான்னு அங்க இருக்கற இன்னொரு எரிமலையோட லாவா ஹீலோ ஊர நெருங்கினப்ப, ரூத் கெயெலிகோலானின்னு ராஜ குடும்பத்து அம்மா லாவா முனைக்கே போயி பட்டு கைக்குட்டையும் பிராந்தியும் படைச்சு மந்திரம் சொன்னாங்க, லாவா ஊருக்கு வெளியவே நின்னுச்சு. நம்ம ஊருல கருப்பணாருக்கு படைக்கறவங்களுக்கு இது புரியும். சாபம்ங்கறது வெளியூர் டூரிஸ்ட் நடுவுல பின்னாடி கிளம்பின பேச்சு, ஆனா வருஷா வருஷம் மன்னிப்பு கடிதத்தோட பார்சல் பார்சலா கல்லு திரும்பி வருது. சாபம் இல்லைன்னாலும் தேசிய பூங்காவுல கல்லு எடுக்கறது சட்டப்படி தப்பு. சேர்வராயன் குகைல இருந்து நாம ஒரு கல்ல பேத்துட்டு வருவோமா? தம்பிகிட்ட அத சொல்லுங்க.

*கேள்வி: ஏற்காடு ஏரி ஒரு பழைய எரிமலை வாய்னு வேன் டிரைவர் அண்ணன் சொன்னாரு. எங்க மலை திரும்ப வெடிக்குமா? (ஏற்காடு, பத்தாம் வகுப்பு மாணவர்)*

பதில்: வெடிக்காது தம்பி, நிம்மதியா படி. சேர்வராயன் மலை எரிமலையே இல்ல, ஏரி சும்மா தண்ணி தேங்கற பள்ளம்தான். நம்ம மலைல இருக்கறது சார்னோகைட், கல்கத்தாவுல இருக்கற, கிழக்கிந்திய கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கோட கல்லறை கல்ல வச்சு அந்த பேரு வந்துச்சு. சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி, தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழ, பயங்கர சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருவான கல்லு, மேல இருந்தது எல்லாம் கோடிக்கணக்கான வருஷமா தேய்ஞ்சு போயி இப்ப வெளிய தெரியுது. நீயே பாக்கலாம், கொண்டை ஊசி வளைவுல புதுசா உடைஞ்ச கல்லு கிடந்தா எடுத்துப் பாரு, எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு, பரல் பரலா கண்ணுக்கு தெரியும். லாவா கல்லு சீக்கிரம் ஆறிடறதால பரல் பெருசாகாது, இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும்.

ஆனா ஒரு விஷயம் சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்சது. மலைய விட்டு கீழ இறங்கினா கருப்பூர் பக்கம் மேக்னசைட் வெட்டற வெள்ளை கரடு இருக்கு பாரு, அந்த வெள்ளை நரம்பு ஓடற கல்லு டியூனைட், அது பெரும்பாலும் ஆலிவின்னு ஒரு பச்சை கனிமம், பூமிக்கு ரொம்ப ஆழத்துல இருந்து வந்தது. அது கரியமில வாயு கலந்த தண்ணி பட்டு மாறித்தான் மேக்னசைட் ஆச்சு. அதே ஆலிவின்தான் ஹவாய் லாவாவுல பச்சை பரலா இருக்கு, தீவோட தென்கோடில பாபகோலியான்னு ஒரு கடற்கரை மணலே பச்சையா இருக்கறது அதனாலதான். ஹவாய் போகாமயே அந்த கனிமத்தோட ஊர்ல நீ இருக்க தம்பி.

*கேள்வி: தண்ணி ஊத்தி லாவாவ நிறுத்த முடியாதா? (சூரமங்கலம் வாசகர்)*

பதில்: ஒரு ஊர்ல முடிஞ்சிருக்கு சார். 1973 ஜனவரில ஐஸ்லாந்து பக்கம் ஹெய்மாயே தீவுல ராத்திரி தரை பிளந்துச்சு, ஐயாயிரம் பேருக்கு மேல, பெரும்பாலும் மீன்பிடி படகுல ஏறி தப்பிச்சாங்க. துறைமுகம் மூடிட்டா பொழப்பே போயிரும்னு மாசக்கணக்கா கடல் தண்ணிய பம்பு வச்சு லாவா மேல அடிச்சு முனைய கெட்டிப்படுத்துனாங்க, துறைமுகம் தப்பிச்சுது. ஆனா பக்கத்துலயே கடல் இருந்துச்சு, எரிமலையும் சில மாசத்துல ஓய்ஞ்சிருச்சு, அதனால ஆச்சு. 1935ல ஹவாய்ல விமானத்துல குண்டு போட்டு பாத்தாங்க, சில நாள்ல லாவா நின்னுச்சு, குண்டாலயா தானாவான்னு இன்னும் சண்டை போயிட்டு இருக்கு.

*கேள்வி: இந்தியாவுல எங்க பாக்கலாம்? (ஓமலூர் வாசகர்)*

பதில்: அந்தமான்ல பாரன் (Barren) தீவு, போர்ட் பிளேர்ல (இப்ப ஸ்ரீ விஜயபுரம்) இருந்து சுமார் 135 கிலோமீட்டர். நம்ம நாட்டுல இப்ப உயிரோட இருக்கற எரிமலை அது ஒண்ணுதான். 1787ல வெடிச்சத எழுதி வச்சிருக்காங்க, ரொம்ப வருஷம் தூங்கிட்டு 1991ல முழிச்சது. ஆள் குடியிருப்பு இல்லாத தீவு. அனுமதி வாங்கிட்டு படகுல இருந்தபடி பாக்கணும், கரைல இறங்க விடமாட்டாங்க.