வாசகர் கேள்வி-பதில்: தொலைந்த தோடும் மரத்துக்குள் செல் துண்டும்

கேள்வி: கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையில் என் கல்லுத்தோடு ஒன்று விழுந்துவிட்டது. கூட்டிப் பார்த்தோம், அரித்தும் பார்த்தோம், கிடைக்கவில்லை. கனடாவில் இருக்கும் மகன் 'பின்பொயின்ரர்' என்று ஒரு கருவி அனுப்புகிறேன் என்கிறான். அதால் தோட்டைக் கண்டுபிடிக்க முடியுமா? எதை வாங்கச் சொல்வது?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: முடியும் அம்மா, ஆனால் மகன் நினைக்கிற மாதிரி வளவுக்குள் இதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நாரிதான் முறியும். பின்பொயின்ரர் ஒரு சாண் நீளக் கருவி. அதன் முனைக்குள் இருக்கும் சுருள் மின்காந்தப் புலம் ஒன்றை உண்டாக்கும், பக்கத்தில் உலோகம் வந்தால் அந்தப் புலம் மாறும், உடனே கருவி கத்தும் அல்லது அதிரும். இவ்வளவுதான் அதன் வேலை. பக்கம் என்றால் நல்ல பக்கம். ஒரு நாணயக் குற்றியை நாலைந்து சென்ரிமீற்றரில் பிடிக்கும். உங்கள் தோடு அதைவிடச் சின்னது, அதனால் ஒன்று இரண்டு விரற்கடைக்குள் முனை போனால்தான் சத்தம் வரும். மண்ணுக்குள் உலோகம் தேடும் பெரிய மெற்றல் டிரெக்ரரால் இடத்தைக் கண்டு, குழி தோண்டிய பிறகு, குழிக்குள் சாமான் எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்க்கத்தான் இதைச் செய்தார்கள்.

அப்படியென்றால் இடத்தை நீங்களே சுருக்க வேண்டும். எந்த வழியால் நடந்தீர்கள், எங்கே குனிந்தீர்கள், எங்கே துவாயை உதறினீர்கள் என்று யோசித்து அந்தத் துண்டை மட்டும் கயிறு கட்டிப் பிரியுங்கள். மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி பிளாஸ்ரிக் பேசினில் போடுங்கள், தகரப் பேசின் வேண்டாம், அதுவே கத்தும். மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக ஒரு பிளாஸ்ரிக் தட்டில் எடுத்துக் கருவியின் முனையோரம் கொண்டுபோங்கள். சத்தம் இல்லையா, கொட்டிவிடுங்கள். சத்தம் வந்தால் அந்தப் பிடியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள், பிறகு நாலாக. கடைசியில் கையில் ஒரு சிட்டிகை மண்தான் மிஞ்சும், அதற்குள் தோடோ அல்லது ஒரு தகரத் துண்டோ இருக்கும். பெரும்பாலும் தகரத் துண்டுதான். கையில் இரும்புக் காப்பு, மணிக்கூடு, மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள். கருவியை மண்ணுக்கு மேலே, மண்வெட்டிக்குத் தூரத்தில் வைத்து முடுக்குங்கள், ஏனென்றால் முடுக்கும் நேரத்தில் சுற்றியிருக்கிறதை வைத்துத்தான் அநேகமான கருவிகள் தம்மைச் சரிப்படுத்திக்கொள்ளும்.

என்ன வாங்குவது? மகனிடம் மூன்று பெயர் சொல்லுங்கள். கரெற் நிறுவனத்தின் புரோ-பொயின்ரர் ஏ.ரி., செம்மஞ்சள் நிறம், 6 மீற்றர் வரை தண்ணீர் தாங்கும், 9 வோல்ற் பற்றரியில் ஓடும், உணர்திறனுக்கு மூன்று படி. மைன்லாப் புரோ-ஃபைன்ட் 35, இரும்புக்கு வேறு சத்தம் தரும். நொக்ரா அக்யுபொயின்ற், அதுவும் இரும்பையும் இரும்பல்லாததையும் பிரித்துச் சொல்லும். மூன்றும் 100 அமெரிக்க டொலருக்கு மேலே போகும். உங்கள் வளவுக்கு இரும்பைப் பிரிக்கிற கருவி நல்லது, ஏனென்றால் ஆணியும் செல் துண்டும் (வெடித்த எறிகணையின் இரும்புச் சிதறல்) நிறைந்த மண் உங்களுடையது. ஆனாலும் அதை முழுக்க நம்பாதீர்கள். துப்பாக்கிச் சன்னத்தின் கோது பித்தளையாக இருந்தால் அது இரும்பல்லாத கூட்டத்தில் சேரும், தோடு மாதிரியேதான் சத்தம் தரும்.

ஒரு தோட்டுக்காக இவ்வளவு காசா என்று கேட்டால், இரவல் கிடைத்தால் இரவல் வாங்குவதுதான் என் விருப்பம். மகன் அனுப்பியே தீருவான் என்றால், பொதி கட்டுவதற்கு முன்பு சுங்கத்திடம் கேட்டு உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். உலோகம் தேடும் கருவி என்று எழுதிய பொதி எங்கேயாவது மாட்டிக்கொண்டால் தோடும் இல்லை, கருவியும் இல்லை.

மறந்துபோகிறேன். சுரண்டும்போது முழுச் சன்னமோ, உருண்டையாக, வால் வைத்த மாதிரி, பிளாஸ்ரிக் மூடி மாதிரி எதுவோ தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு எழும்பி, வந்த காலடியாலேயே திரும்பிப் போய் 119க்கு அறிவியுங்கள். வெடிபொருள் அகற்றிக் கையளித்த காணிதான் என்றாலும் பழைய பதுங்குகுழி மூடிய இடத்திலும் வேலிக்கரையிலும் இந்த விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: எங்கள் மரக்காலைக்கு வரும் முதிரை, பாலை மரங்களுக்குள் செல் துண்டு இருந்து வாள் பிளேட் பல்லுப் போகிறது. பின்பொயின்ரரால் முதலே கண்டுபிடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
— மரக்காலைக்காரர், ஒட்டுசுட்டான்

பதில்: பாதி உண்மை, மீதிப் பாதி உங்கள் கண்ணில்தான் இருக்கிறது. வன்னி மரத்தை அரிகிறவர்களுக்கு இந்தக் கருவி தோடு தேடுகிறவர்களை விட நாலு மடங்கு பயன்படும் என்பது என் எண்ணம். ஆனால் ஆழத்தை மறக்கக்கூடாது. இரண்டு அடி குறுக்களவு உள்ள குற்றியின் நடுவில் கிடக்கும் துண்டை வெளியில் நின்று பிடிக்க இதால் ஏலாது.

மரம் எப்படி வளர்கிறது என்று யோசித்தால் எங்கே தேடுவது என்று விளங்கும். முதிரை, பாலை, வேம்பு எல்லாம் வருடா வருடம் வெளிப்பக்கமாகப் பருக்கும். 2009இல் உள்ளே போன துண்டு போன இடத்திலேயே நிற்க, அதற்கு மேலே புது மரம் வளர்ந்து, பட்டையும் மூடி, காயமே தெரியாமல் போயிருக்கும். பனை அப்படியில்லை. அதற்கு ஆண்டு வளையம் கிடையாது, ஒரு தடவை தடித்த உடம்பு பிறகு பருக்காது, பட்ட காயமும் மூடாது. அதனால் பனையில் ஓட்டை வெளியிலேயே தெரியும், சும்மா பார்த்தே ஒதுக்கலாம். உங்களுக்குத் தலையிடி தருவது முதிரையும் பாலையும்தான். பட்டையில் முடிச்சு மாதிரி வீக்கம், நீளமாகச் சுருங்கிய தழும்பு, ஒரே உயரத்தில் இரண்டு மூன்று மேடு, இதெல்லாம் இருக்கிற குற்றியைத் தனியாக வையுங்கள். அரியத் தொடங்கிய பிறகு வெட்டு முகத்தில் கறுப்பு நீலக் கறை கண்டால் உடனே நிறுத்துங்கள். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேரும்போதுதான் அந்தக் கறை வரும். பக்கத்தில் எங்கேயோ இரும்பு இருக்கிறது.

இப்போது கருவி. பட்டையை உரித்துவிட்டு ஒரு சுற்று, பிறகு ஒவ்வொரு பலகை விழுந்ததும் புதிதாகத் திறந்த முகத்தில் ஒரு தடவல். முனையால் குத்திக் குத்திப் பார்க்காமல் கருவியைப் படுக்க வைத்து, பக்கவாட்டால் இழுங்கள். நல்ல பின்பொயின்ரர்கள் முனையில் மட்டுமல்ல, முன்பாகத்தின் சுற்றுவட்டம் முழுக்க உணரும், கெதியாக வேலை முடியும். ஓடுகிற மோட்டருக்கும் வாளுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், கண்டபடி கத்தும். குற்றியை வண்டில் மேடைக்கு ஏற்ற முதலே முற்றத்தில் பாருங்கள்.

உங்களுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. வாசலில் பொலிஸ் ஆட்களை மறித்து உடம்பில் தடவிப் பார்க்கிற அந்தத் தட்டையான கருவி ஒரே இழுப்பில் கூடிய அகலத்தைப் பார்க்கும். முதலில் அதால் குற்றியைத் தடவி, சத்தம் வந்த இடத்தில் மட்டும் பின்பொயின்ரரைப் பாவித்தால் துண்டு இருக்கும் புள்ளியைச் சோக்கட்டியால் வட்டமிடலாம். உளியால் தோண்டி எடுப்பதா, அந்தத் துண்டளவு பலகையை விட்டுவிடுவதா என்பது மரத்தின் விலையைப் பொறுத்தது. ஈயமும் செம்பும் மென்மையானவை, வாள் பெரும்பாலும் அரிந்துகொண்டு போய்விடும். பல்லை உடைப்பது செல்லின் இரும்புத் துண்டுதான், ஆகவே இரும்பைப் பிரித்துச் சொல்லும் கருவி உங்களுக்கு உண்மையிலேயே பெறுமதி. எடுக்கப் போன இடத்தில் துண்டாக இல்லாமல் முழுசாக ஏதாவது தெரிந்தால், அந்தக் குற்றியை அரியவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு டிரெக்ரரும் பின்பொயின்ரரும் வாங்கி, பழைய முகாம் இருந்த காட்டுப் பக்கம் தங்கம் தேடலாம் என்று இருக்கிறோம். எந்தக் கருவி மிதிவெடிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் காட்டும்?
— வாசகர், மாங்குளம்

பதில்: எதுவும் காட்டாது, தம்பி. கடையில் விற்கிற எந்தக் கருவியும்.

போர்க் காலத்தில் பாவித்த பி-4 மிதிவெடியின் உடம்பு பிளாஸ்ரிக். உள்ளே உலோகம் மிகக் கொஞ்சம். ஜொனி என்று எல்லோரும் சொன்ன மிதிவெடியின் உடம்பு மரப்பெட்டி. தங்கத் துணுக்கை விட மெல்லிய சத்தம் தருகிற, அல்லது சத்தமே தராத சாமானைத்தான் நீங்கள் காலால் தேடப் போகிறீர்கள். பின்பொயின்ரர் வேலை செய்ய முனை கிட்டத்தட்ட முட்ட வேண்டும், அதாவது கண்டுபிடிக்கிற நேரத்தில் கை அதன் மேலே. முகமாலையில் இத்தனை வருடமாக மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ற் நிறுவன ஆட்கள் முகக்கவசமும் கவச உடுப்பும் போட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுவது பொழுதுபோக்குக்கு இல்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது, அகற்றும் வேலை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, பழம்பொருள் தேடி மண் தோண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், சொந்தக் காணியிலும்தான். மாந்தை, பூநகரி மாதிரிப் பழைய இடங்களில் கருவியோடு நின்றால் 'சும்மா பார்த்தோம்' என்று சொல்லி வர ஏலாது. காட்டுக்குள் நின்றால் வன இலாகா வேறு. நாலு பேரும் அந்தக் காசுக்கு ஒரு தண்ணீர் மோட்டர் வாங்குங்கள், வாடகைக்காவது விடலாம்.

கேள்வி: கடற்கரை மணலில் என் பின்பொயின்ரர் சும்மா சும்மா கத்துகிறது. பழுதா?
— வாசகர், கொக்கிளாய்

பதில்: பழுதில்லை. உப்புத் தண்ணீர் ஊறிய மண் மின்சாரத்தைக் கடத்தும், அது ஒன்று. மற்றது கறுப்பு மணல். புல்மோட்டையில் அகழ்கிற இல்மனைற் உங்கள் கரையிலும் கறுப்புக் கோடுகளாகக் கிடக்கிறதே, அது கொஞ்சம் காந்தத் தன்மையுள்ள கனிமம், கருவியைக் குழப்பும். உணர்திறனை ஒரு படி குறையுங்கள். பிறகு முனையை மணலில் முட்ட வைத்துக்கொண்டு மீள்சரிப்படுத்தும் பொத்தானைத் தட்டுங்கள், மணலை அது 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்ளும். உள்நாட்டுச் செம்மண்ணிலும் சரளைக் கல்லிலும் இதே தந்திரம்தான். உங்களுடைய கருவிக்கு அந்த வசதி இல்லையென்றால் வரண்ட வெள்ளை மணலில் மட்டும் பாவியுங்கள்.

இதே பொத்தான் இன்னொன்றுக்கும் உதவும். பெரிய சாமான் என்றால் எங்கே வைத்தாலும் ஒரே கத்தல். சத்தம் வரும் இடத்திலேயே வைத்து ஒரு தடவை தட்டினால் வீச்சு சுருங்கும், இன்னும் கிட்டப் போனால்தான் கத்தும். இப்படி இரண்டு தடவை செய்தால் நடு எங்கே என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மோதிரத்துக்குக் கத்துகிற கருவி சங்கிலிக்கு ஏன் கத்தமாட்டேன் என்கிறது?
— வாசகி, நெடுங்கேணி

பதில்: மோதிரம் மூடிய வட்டம், அதைச் சுற்றி மின்னோட்டம் நன்றாக ஓடும், சத்தமும் பலமாக வரும். மெல்லிய சங்கிலி சின்னச் சின்ன வளையங்களின் வரிசை, கருவிக்கு அது ஒவ்வொரு பொடி வளையமாகத்தான் தெரியும். கொக்கியைத்தான் முதலில் பிடிக்கும். உடைந்த மோதிரமும் அப்படித்தான், நிறை அதேயாக இருந்தாலும் சத்தம் குறையும். வாங்குவதற்கு முன்பு கடையில் நாணயத்தை வைத்துப் பார்க்காமல் உங்கள் சங்கிலியை மேசையில் வைத்துப் பாருங்கள், மேசை மரமேசையாக இருக்கட்டும்.

கேள்வி: ஆறு மாதம் பெட்டிக்குள் இருந்த கருவி இப்போது முடுக்கினால் வேலை செய்யுதில்லை.
— வாசகர், துணுக்காய்

பதில்: பற்றரியைக் கழற்றி வைக்காமல் விட்டிருப்பீர்கள். மூடியைத் திறந்து, பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பற்றரி போடுங்கள். மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுமட்டும் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.