சுருதி ஞானம் பிறவியிலேயே வர வேண்டுமா?

முப்பது வயதுக்கு மேல் வயலின் கற்கத் தொடங்கியிருப்பதாகவும், சுரம் சரியான இடத்தில் நிற்கிறதா என்று காதால் அறியும் சுருதி ஞானம் பிறவியிலேயே அமைய வேண்டும் என்று சிலர் சொல்வதாகவும் குறிப்பிட்டு, கலைஞர்கள் தினமும் காதை எப்படிப் பழக்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் காது போதாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பதினோராவது வயதில் அதே சொல்லை நானும் கேட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

என் முதல் ஆசிரியர், மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை வாசிக்கும்போது நான் மூன்றாவது சுரமான காந்தாரத்தை (இந்த ராகத்தில் அது அந்தர காந்தாரம் என்ற வகை) சற்றுத் தூக்கியே பிடிக்கிறேன் என்று மூன்று மாதம் கண்டித்துவிட்டு, "இவனை வேற எதுலயாவது சேத்துவிடுங்கம்மா" என்று என் தாயாரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்து வாய்த்த குருநாதர் நாற்பது நாள் என்னை வில்லைத் தொடவிடவில்லை. காலை ஐந்தரை மணிக்குத் தம்புராவின் நான்கு தந்திகளையும் சுருதி கலைத்து என் மடியில் வைத்து, "சேர்" என்பார். தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்கி, நுண்ணிய திருத்தத்துக்கான மணியை நகர்த்தி, பஞ்சமத் தந்தியையும், சாரணி எனப்படும் இரண்டு நடு ஷட்ஜத் தந்திகளையும், கீழ் ஸ்தாயியான மந்தர ஷட்ஜத் தந்தியையும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன். ஏறத்தாழ இருபதாம் நாள், குதிரைமேல் தந்திக்கு அடியில் ரீங்காரத்துக்காக வைக்கும் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்தியபோது, மந்தரத் தந்தியின் ரீங்காரத்துக்குள்ளிருந்து யாரும் மீட்டாத ஒரு சுரம் எழுந்தது.

"என்ன கேக்குது?"

"கா, ஐயா."

"அந்தர காந்தாரம். தந்தி தானாப் பாடுது. நீ இத்தனை நாள் அதுக்கு மேல வாசிச்சிட்டிருந்த."

காரணம் பின்னர்தான் விளங்கியது. வீட்டில் கீபோர்டை வைத்தே நான் சுரத்தானம் சரிபார்த்து வந்தேன். அதில் பன்னிரண்டு சுரத்தானங்களும் சமமாகப் பகுக்கப்பட்டிருப்பதால், அதன் அந்தர காந்தாரம் தம்புராவில் இயல்பாக எழும் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட், அதாவது அரைச்சுர இடைவெளியில் ஏழில் ஒரு பங்கு, உயர்ந்து நிற்கும். என் காது பழுதாக இருக்கவில்லை. தவறான ஒன்றை மிகச் சரியாகக் கற்றிருந்தது.

இப்போது வயலின் பக்கவாத்தியக் கலைஞனாக இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் காலையில் முதல் இருபது நிமிடம் தம்புரா சேர்ப்பதற்கே போகும். பிறகு மந்தரத்திலிருந்து ஒரு வில்லுக்கு ஒரு சுரமாக நீட்டி வாசிப்பேன். வர்ணம் என்ற பயிற்சி உருப்படி ஒன்றை மூன்று வேகத்தில் வாசிப்பேன். மாலையில் கேள்வி ஞானம், அதாவது கேட்டே கற்பது. நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனையில் ஒரே ஒரு பிடியை, அதாவது சிறு சுரக்கோவையைக் கேட்டு, முணுமுணுத்துப் பார்த்து, அது வாயில் நின்ற பிறகே வில்லை எடுப்பேன். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பது; அதை விரலால் தேடினால் கிடைக்காது. பாடகர் அந்த நொடியில் பாடும் சங்கதியை (பாடல் வரியின் இசை வேறுபாட்டை) அடுத்த நொடியில் வயலினில் கொடுக்க வேண்டியவனுக்கு எதிரே பார்த்து வாசிக்க ஏடு எதுவும் இல்லை, காது மட்டுமே உண்டு.

இசைக்குடும்பத்துக் குழந்தைகளுக்கு இது விரைவில் கைவரும் என்பதை நான் மறுக்கவில்லை. தொட்டிலிலிருந்தே கேட்டதால் வந்த பழக்கம் அது. மின் சுருதிப்பெட்டியை நான் பழிப்பதாகவும் யாரும் கொள்ள வேண்டாம், என் பையிலும் ஒன்று உண்டு. ஆனால் சேர்ந்தே ஒலிக்கும் சுருதியில் காதுக்கு வேலை இல்லை. பல சபாக்களில் தம்புராவை மேடையில் வைத்துவிட்டு அதற்கு மைக் வைக்காமல், மிருதங்கத்தின் ஒலியை மட்டும் கூட்டிவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நோகிறது. சுருதி கேட்காத மேடையில் எவ்வளவு பழகிய காதும் தடுமாறும்.

உங்கள் வயலினின் நான்கு தந்திகளை இனி ஆசிரியர் சேர்த்துத் தரும்வரை காத்திருக்காதீர்கள். கீழ் ஷட்ஜத்தில் தொடங்கி ச-ப-ச-ப என்று நீங்களே சேருங்கள், அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. புதிதாகச் சேர்ப்பவர்களிடம் பெரும்பாலும் மேல் பஞ்சமத் தந்திதான் அறும்; கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.